பிளாக் செய்த எண்

...ஆதாரத்தை அழிக்காதீர்கள் என்றுதானே பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள், ஜெயசுதாவும் தலையை ஆட்டித்தானே கேட்டாள், அப்புறம் எந்தக் கழுதைப் புத்தியில் அழித்தாள்? கரியாலூரில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறியதிலிருந்து இதே கேள்வி, வளைவுக்கு வளைவு திரும்பி வருகிறது. கணக்கு டீச்சர் கணக்கோடு நின்றிருக்கலாம், உங்களுக்குத்தான் போனெல்லாம் நல்லா வருமே என்று பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பைத் தலைமையாசிரியர் அவள் தலையில் கட்டினார், பெயரைச் சுவரிலும் ஒட்டினார்... ஒட்டினால் ஆயிற்றா? அதைப் பார்த்துத்தானே ஒன்பதாம் வகுப்பு சந்திரலேகா அப்பாவின் போனைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். பெண்ணின் படம் வைத்துப் பழகியவன் ஆண் என்று தெரிவதற்குள் இவளுடைய படமொன்று அவனிடம் போயிருந்தது, இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் ஊருக்கே காட்டுவேன் என்கிறான். வீட்டுக்கே அந்த ஒரு போன்தான், சிக்னல் கிடைக்காத சாமை வயலுக்கு அதை எடுத்துப்போகாத அப்பா கரியன், பொழுது சாய வந்ததும் முதலில் அதைத்தான் எடுப்பார். "அழிச்சிடுங்க டீச்சர், அப்பா பாத்தாருன்னா படிப்ப நிறுத்திட்டு மாமன் வூட்டுக்குக் கட்டிக் குடுத்துடுவாரு." அழுகிற பிள்ளைக்கு முன்னால் எந்தப் பயிற்சி நினைவுக்கு வரும்? எல்லாவற்றையும் துடைத்தாள், அவன் எண்ணை பிளாக் செய்தாள், முகத்தைக் கழுவிக்கிட்டுப் போ என்றாள், பெரிய காரியம் சாதித்த மாதிரி நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தாள், வெட்கம்கெட்ட தூக்கம்.

காலையில் வெங்காயம் நறுக்கும்போதுதான் உறைத்தது, இங்கே அழித்தால் அவனிடம் இருக்கிற படம் எங்கே போகும்? கள்ளக்குறிச்சிக்குப் போன் போட்டாள், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துப் பெண் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பிளாக் பண்ண நம்பர் அந்த போன்லியே இருக்கும் மேடம், எடுத்துக்கினு பெத்தவங்களோட வந்துடுங்க, ஜாஸ்தி நாள் வுடாதீங்க." பெற்றவர்களோடு. அதைச் செய்யாமல் அவள் மட்டும் போகிறாள், அப்பனுக்குத் தெரியாமல் வேறு வழி உண்டா என்று கேட்க... அதற்குள் அவன் இன்னொரு எண்ணிலிருந்து வந்தால்? வரட்டும் என்றா விடுவது? கரியனை நினைத்தாலே பயமாக இருக்கிறது, ஆனால் அந்த மனிதரிடம் அவள் என்றைக்காவது பேசியிருக்கிறாளா? கையெழுத்துப் போட வந்தவர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலோடு நின்றார், அவ்வளவுதான். மலையில் பொண்ணுங்கள சீக்கிரம் தள்ளிவிட்டுடுவாங்க என்று டீ குடிக்கும்போது மற்ற டீச்சர்கள் பேசியது மிச்சம். அவள் பிறந்த தியாகதுருகத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது, எவனோ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்தான் என்பதற்காக அக்கா ராதிகாவின் கல்லூரிப் படிப்பை அவர்களுடைய அப்பாவே நிறுத்தவில்லையா, அந்த அப்பாவுக்குத்தான் இன்னமும் பயந்துகொண்டிருக்கிறாளோ என்னவோ... அசதியாக இருக்கிறது, யாராவது இந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டால் தேவலை.

வடக்கனந்தல் தாண்டும்போது போன் அடித்தது, கரியன் என்று காட்டியது. பிள்ளையாகவும் இருக்கலாமே என்று எடுத்தாள், இல்லை, அவரேதான். "டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. புள்ள நேத்திக்கிலேர்ந்து சோறே துன்னல, கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துல இன்னா ஆச்சுங்க? நீங்க சொன்னா கேக்கும்னுதான்..." குரல் கெஞ்சியது. ஒரு நாள் சோறு இறங்காததைக் கண்டுபிடித்துவிட்டார், வயலுக்கும் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் போல. ஜெயசுதா வாயைத் திறந்தாள். "போன் உங்ககிட்டதானே இருக்கு? யாருகிட்டயும் குடுத்துடாதீங்க, எதையும் அழிச்சிடாதீங்க."

"போனா? நான் புள்ளயப் பத்திக் கேக்கறங்க டீச்சரம்மா" என்றார் அவர், கோபமே இல்லாமல். ஆமாம், அவர் பிள்ளையைப் பற்றித்தான் கேட்கிறார்... அழித்து அனுப்பிய பிறகு அது சாப்பிட்டதா என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.