அறுபத்திரண்டாவது நிமிடம்

படம் தொடங்கி நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒயர்மேனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சமூகக்கூடத்தின் பின்சுவருக்குச் சற்று முன்னால் மேசை, அதன்மேல் மடிக்கணினி, பக்கத்தில் வாடகைப் புரொஜெக்டர். மதிய வெயிலைத் தடுக்க ஜன்னல்களில் தொங்கியவை அவனுடைய அக்காவின் சலவைக்கடை விரிப்புகள். முன்வரிசை நடுவில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

மேஸ்திரி வாழ்நாளில் ஒரு செங்கல்லை வைத்துக் கட்டியவரில்லை. இந்தச் சந்துகளில் யார் கடை போடலாம், யார் கையை உடைக்கலாம் என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்வார்.

படமும் இதே சந்துகளில் எடுத்ததுதான். ரவுடிகளின் கதை. தேசம் தேசமாகப் போய்ப் பரிசு வாங்கியது. பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. அதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் இயக்குநருக்குச் சந்துக்காரர்களின் ஞாபகம் வந்தது. ஒரு காட்சி இலவசமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லிப் படத்தை அனுப்பியிருந்தார். அவர் வரவில்லை.

வினை அறுபத்திரண்டாவது நிமிடத்தில் இருந்தது. போலீசுக்குப் பயந்த ரவுடித் தலைவன் ஆஸ்பத்திரி அழுக்குத்துணி மூட்டைக்குள் சுருண்டு, சலவைக்காரியின் தள்ளுவண்டியில் தப்பிக்கிறான். வழி முழுக்க மூட்டைக்குள் அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறான். ஆறு வருடங்களுக்கு முன் இது நிஜமாகவே நடந்தது. மூட்டைக்குள் இருந்தவர் மேஸ்திரி. வண்டியைத் தள்ளியது அக்கா. அவள் அதைத் தம்பியிடம் மட்டும்தான் சொன்னாள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான், போன வாரம் படத்தைச் சோதித்துப் பார்க்கும்வரை.

“உன் வாய்க்கு ஒரு பூட்டு கிடையாதாக்கா?” என்று காலையில்கூடக் கேட்டான்.

“நாப்பது நாள் படக்காரங்க துணிக்கு இஸ்திரி போட்டேன். துணி பாத்துக்கிற அந்தப் பொண்ணு அக்கா அக்கான்னு சுத்தி வந்துச்சு. பேச்சுவாக்குல வந்துடுச்சு. அதைப் படத்துல வைப்பாங்கன்னு நான் கனவா கண்டேன்?”

“அவருக்குத் தெரிஞ்சா?”

“என்னையும் சேத்து மடிச்சு வெச்சிடுவாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்த கையோடு யாருடைய சட்டைக் காலரையோ கருக்கினாள்.

“நான் அந்த இடத்தைத் தாண்டிடுறேன்.”

“வேணாம்டா. யாராச்சும் கேட்டா?”

“யார் பாத்திருக்கா கேக்குறதுக்கு?”

இப்போது படம் அறுபத்தொன்றாவது நிமிடத்தைத் தாண்டியது. திரையில் போலீஸ் ஜீப் சந்துக்குள் திரும்பியது. ஒயர்மேன் விரலை வைத்து அழுத்தினான். ஜீப் மறைந்து, யாரோ யாரையோ கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள்.

கூடமே கொந்தளித்தது.

“யோவ், மூட்டை எங்கய்யா?”

“மூட்டையை முழுங்கிட்டான்டா ஒயர்மேன்!”

“அதுக்குத்தானே ரெண்டாவது தடவை பாக்க வந்தேன், போடுய்யா.”

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், திருட்டுத்தனமாகப் போனில். மேஸ்திரி எழுந்து பின்னால் நடந்து வந்தார். வழிவிட்டவர்கள் தாமாகவே வாயை மூடிக்கொண்டார்கள். அவன் படத்தை நிறுத்தினான்.

“நானும் மூணு தடவை பாத்துட்டேன்,” என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “படம் எடுக்கிறவனுக்கு ஆயிரம் கற்பனை வரும், இதுவும் அப்படித்தான்னு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். நீ ஏன் தம்பி தாண்டுன?”

“மெஷின் கோளாறுண்ணே.”

“சரியா அந்த இடத்துலயா?”

மறைக்கப் போய்க் காட்டிக்கொடுத்தது தன் விரல்தான் என்று அவனுக்குப் புரிந்தது. சுவரோரம் நின்ற அக்கா, யாரும் கூப்பிடாமலே வந்து அவனுக்கு முன்னால் நின்றாள்.

“அவனை விடுங்கண்ணே. சொன்னது நான்தான்.”

“நான் அழுதேன்னும் சொன்னியா?”

“அழுதீங்களே. நானும்தான் அழுதேன், வண்டியைத் தள்ளிக்கிட்டே. படத்துல வண்டி தள்ளுறவ சிரிக்கிறா. அது மட்டும்தான் பொய்.”

மேஸ்திரி அவளையே பார்த்தார். கண் சிமிட்டவில்லை.

“பின்னாடி ஓட்டிப் போடு,” என்றார் ஒயர்மேனிடம்.

ஜீப் மறுபடி வந்தது. மூட்டை வந்தது, அழுகை வந்தது. கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேஸ்திரி தன் இருக்கைக்குத் திரும்பவில்லை. அவர்கள் இருவருக்கும் பின்னால், இருட்டில் நின்றார். திரும்பி அவர் முகத்தைப் பார்க்க இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

காட்சி முடிந்ததும் அக்காவின் தோளருகே குனிந்தார்.

“நாளையிலேருந்து என் வீட்டுத் துணியை எடுக்க வராத.”

கதவு திறந்து வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்து மறைந்தது. முன்வரிசையிலிருந்து அவருடைய ஆட்கள் இரண்டு பேர் எழுந்து அவர் பின்னாலேயே வெளியே போனார்கள்.

“அவ்வளவுதானாடா?” என்றாள் அக்கா, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு. “துணியோட விட்டுட்டாரா?”

அவனுக்குத் தெரியவில்லை. படம் இன்னும் ஐம்பது நிமிடம் ஓட வேண்டியிருந்தது. அதுவரை எழுந்து போகவும் முடியாது.