ஏழாம் நம்பர் மலைச் சைக்கிள்

இன்னும் ஏழு மணி ஆகவில்லை. பனிமூட்டத்துக்குள் முப்பது தேயிலைக் கத்தரிகள் கர்ச் கர்ச்சென்று கடித்துக்கொண்டிருந்தன. ஆள் தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது.

அம்சவல்லி இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படுதா நனைந்து தொடையில் ஒட்டியது. கத்தரியோடு மாட்டிய தட்டில் கொழுந்து நிறைய நிறைய மணிக்கட்டு இற்றுவிடும்போல வலித்தது. நிறைந்ததைத் தோள்வழியே முதுகுச் சாக்கில் கொட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். காலுக்குக் கீழே மண் சேறாகக் குழைந்து வழுக்கியது. விரல்கள் குளிரில் மரத்து, கத்தரிப் பிடி கையிலிருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

ஆனால் அவர்கள் கொழுந்து வெட்டவில்லை. சைக்கிள் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வருகிற வியாழக்கிழமை சைக்கிள் பந்தயம் மலையேறுகிறது. மொத்தம் எட்டு நாள் பந்தயம், தினம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு. ஐந்தாம் நாள் ஈப்போவில் கிளம்பி, சிம்பாங் பூலாயில் ஏற்றம் பிடித்து, கம்போங் ராஜா, கியா பார்ம் கடந்து தானா ராத்தாவில் முடியும். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்து படம் பிடிக்கும். உலகம் முழுக்க டிவியில் தோட்டம் தெரியும்போது, சரிவில் ஒரு பெரிய சைக்கிளும் தெரிய வேண்டும் என்று கோலாலம்பூரிலிருந்து ஒருவன் வந்து கம்பு நட்டு, சிவப்புக் கயிறு இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தான். கயிற்றுக்குள் இருப்பதை வெட்டினால் செடி கறுத்துத் தெரியும். வெட்டாதது இளம்பச்சையாக நிற்கும். பச்சை மலையில் கறுப்புச் சைக்கிள். சக்கரம் ஒவ்வொன்றும் தொழிலாளர் லயத்து வரிசையில் ஆறு வீட்டு அகலம்.

அம்சவல்லிக்கு ஒதுக்கியது முன்சக்கரம். எட்டு நாளுக்கு முன் அவள் புருஷன் இராமையா விழுந்த இடம்.

அந்தப் பாறை ஓரத்தில் எந்த முதலாளி காலத்திலும் கொழுந்து வெட்டும் மெஷின் ஏறியதில்லை. சக்கரம் வட்டமாக வர வேண்டும் என்பதற்காக ஏற்றினார்கள். ஒரு பக்கம் இராமையா, மறுபக்கம் பங்களாதேஷ்காரன் ரஃபிக். இரண்டு பேர் தூக்கிப் பிடித்து ஓட்டுகிற மெஷின். மண் சரிந்தது. இராமையா விழுந்தார், மெஷின் அவர் வலது கால்மேல் விழுந்தது. ரஃபிக் பாய்ந்து அணைப்பதற்குள் கத்தி எலும்புவரை போய்விட்டது. தோட்டத்து லோரி அன்றைக்குப் பந்தயத் தோரணம் ஏற்றப் போயிருந்தது. ஒன்றரை மணி நேரம் அவரைப் படுதாவில் கிடத்தி, நான்கு பெண்கள் சேலை முந்தானையால் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தானா ராத்தா, அங்கிருந்து ஈப்போ. இப்போது காலில் இரும்புக் கம்பியோடு வீட்டில் கிடக்கிறார். இனி மலையேற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செடியின் அடியில் மழை கழுவாத ரத்தக் கறுப்பு அப்படியே இருந்தது. அம்சவல்லி பார்த்தாள். பார்க்காததுபோல வெட்டினாள். கை வெட்டிக்கொண்டே போனது.

எட்டரைக்கு மூட்டம் விலகியதும் கீழேயிருந்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அலறினார். சக்கரத்தின் ஒரு கம்பி வட்டத்தைத் தாண்டி, மலையின் ஓரம்வரை நேர்க்கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அம்சவல்லி கயிற்றையும் தாண்டி அந்த வரிசை முழுவதையும் வெட்டிவிட்டிருந்தாள்.

ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தனையோ காலமாகியும் மேனேஜருக்கு இன்னும் துரை என்றுதான் பெயர். தர்மேந்திரன் துரை இறங்கினார்.

"யாரு வெட்டினது?"

"நான்தாங்க தொர."

"கயிறு கண்ணுக்குத் தெரியலையா?"

"கை வரிசையைப் புடிச்சா முடிக்காம நிக்காதுங்க. பாதியில வுட்டா மண்டோர் ஏசுவாரு. இருபத்தாறு வருசப் பழக்கம்."

"இப்ப இதை எப்படிச் சரி பண்றது?"

"ஒட்டிறலாங்க தொர," என்றாள் பக்கத்தில் நின்ற மணியம்மா. "ஆபீஸ்ல கம் இருக்கா?"

பனியில் விறைத்திருந்த முகங்கள் எல்லாம் ஒரு கணம் சிரித்தன. துரை சிரிக்கவில்லை.

"வளர எத்தனை நாளாகும்?"

"மழை ஒழுங்கா பேஞ்சா பதினெட்டு நாளு."

பந்தயத்துக்கு மூன்றே நாள். துரை மலையைப் பார்த்தார், மண்டோரைப் பார்த்தார், மறுபடி மலையைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாத முழி. இருபத்தாறு வருஷத்தில் அந்த முழியை அம்சவல்லி எந்தத் துரையிடமும் பார்த்ததில்லை. பயத்துக்கு நடுவிலும் அதை அவள் மனம் பிடித்து வைத்துக்கொண்டது.

"மத்தியானம் ஆபீசுக்கு வா," என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

ஆபீசில் இரண்டு தாள்கள் தயாராக இருந்தன. கணக்கு எழுதும் கிராணி சசிரேகா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். இதே லயத்தில் பிறந்து படித்து மேசைக்கு வந்தவள்.

"கையெழுத்துப் போடு," என்றார் துரை.

"என்னங்க தொர எழுதியிருக்கு?"

"உன் புருஷன் விசயம்தான். போடு."

அம்சவல்லி பேனாவை எடுத்தாள். மலாயில் அடித்திருந்த எழுத்துகள் அவளுக்கு எறும்பு வரிசை.

"அத்தை, போடாதீங்க." சசிரேகா தலையை நிமிர்த்தினாள். "மாமா சொந்த இஷ்டத்துக்குச் சரிவுல ஏறி விழுந்தாருன்னு எழுதியிருக்கு. இன்னொண்ணு, மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்ற நோட்டீஸ்."

துரை சசிரேகாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"தொர, நீங்கதானே அவரைக் கூப்பிட்டீங்க? வட்டம் வரல, மேல ஏறுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. காலையில பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்தாங்களா?"

"இல்லீங்க, ஆனா..."

"பெரட்டுல பேர் இல்லாதவன் வேலையில இல்ல. அவ்வளவுதான் சட்டம். வீடு, வேலை செய்யற ஆம்பளைக்குக் கொடுத்தது. அவன் இனி வேலை செய்ய மாட்டான். நீ தினக்கூலி. உன் பேர்ல வீடு கிடையாது."

"இந்தக் காலோட அவரை எங்கீங்க தூக்கிட்டுப் போறது?"

"நான் கெட்டவன் இல்லமா. பந்தயம் முடியட்டும். உங்க லயத்து வரிசை பன்னெண்டு வீட்டையும் எப்படியும் இடிக்கப் போறோம். மலையைப் பார்த்துக் காப்பி குடிக்கிற கடை வருது. நீ முதல்ல போற, அவங்க பின்னால வருவாங்க."

அம்சவல்லி பேனாவை மேசையில் வைத்தாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

"தொர, பந்தயத்துல யாராச்சும் விழுந்தா?"

"டாக்டர் கார் பின்னாலயே வரும். ஆம்புலன்ஸ் வரும். எல்லாம் ஏற்பாடு இருக்கு."

"பின்னாலயேவா?"

"ஆமா, பின்னாலயே."

கையெழுத்துப் போடாத தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு அவள் வெளியே நடந்தாள்.

சாயங்காலம் லயத்துக் குழாயடியில் சேதி பரவியது. பன்னிரண்டு வீடும் போகப் போகிறது. ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். ஒருவர் யூனியனுக்குப் போன் போடலாம் என்றார். போட்டார்கள். பந்தயம் முடிந்து பேசலாமாம். இன்னொருவர் துரை காலில் விழலாம் என்றார்.

"வுழுந்தவன் கதியதான் பார்க்கறோமே," என்றாள் மணியம்மா.

சாலைக்கு இந்தப் பக்கம் லயம், அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் மலை. லயத்தை மறைக்க அன்றைக்கே பெரிய துணி கட்டிவிட்டார்கள். துணியில் பொட்டும் பூவும் வைத்த ஒரு பெண் கூடையோடு சிரித்தாள். அவள் யாரென்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. துணி விலகிய இடைவெளியில் மலை தெரிந்தது. சைக்கிள் தெரிந்தது. சைக்கிளைக் குத்திக்கொண்டு அம்சவல்லி வெட்டிய கோடும் தெரிந்தது.

"பதினெட்டு நாள் ஆகும்," என்றாள் அம்சவல்லி.

"எது?"

"வெட்டுனது வளர. தொரையே நெனச்சாலும் முடியாது. மூஞ்சியப் பார்த்தேன். அவருக்கு ஒண்ணுமே ஓடல."

குழாய்த் தண்ணீர் வாளி நிறைந்து வழிந்தது. யாரும் மூடவில்லை.

"எழுதிறலாம்," என்றாள் மணியம்மா மெதுவாக. "மலையில எழுதிறலாம்."

"எந்தப் பாஷையில? தமிழ்ல எழுதினா எவனுக்குப் புரியும்?"

"அக்கா, ருமா," என்றான் ரஃபிக். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். தனக்குத் தெரிந்த மலாயையும் தமிழையும் குழைத்துக்கொண்டு அவன் சேற்றில் குச்சியால் ஒரு சதுரம் போட்டான். மேலே கூம்பு. நடுவில் ஒரு கதவு. சின்னப் பிள்ளைகள் வரைகிற வீடு. "இது எல்லா ஆளுக்கும் தெரியும் லா."

"டேய், உன் வேலை பெர்மிட்டு போயிரும்டா," என்றார் ஒருவர்.

ரஃபிக் தன் கைகளைப் பார்த்தான். "இராமையா அண்ணன் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். மண்ணு அந்தப் பக்கம் சரிஞ்சது." அதற்கு மேல் சொல்ல அவனுக்கு எந்தப் பாஷையும் வரவில்லை.

வியாழக்கிழமை தோட்டத்துக்கு லீவு. பெரட்டு கிடையாது. பெண்கள் சேலை கட்டி, கூடை மாட்டிக்கொண்டு சாலையோரம் நின்று கையாட்ட வேண்டும் என்பது உத்தரவு. கூடை தூக்கிக் கொழுந்து கிள்ளிய காலம் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. பழைய ஸ்டோரிலிருந்து கூடைகளைத் தூசி தட்டிக் கொடுத்திருந்தார்கள். விடியும்போதே பெண்கள் சேலை கட்டினார்கள். கூடை மாட்டினார்கள். கூடைக்குள் கத்தரி இருந்தது.

மூட்டத்துக்குள் ஏறினார்கள். அன்றைக்குக் கயிறு இல்லை, மண்டோரும் இல்லை. அம்சவல்லி வரிசை எண்ணி எண்ணி நடந்து ஆள் ஆளாக நிறுத்தினாள். "சொவரு இங்க. நீ நேரா மேல போ. இருபத்தஞ்சு செடி. எண்ணிக்கிட்டே வெட்டு." இருபத்தாறு வருஷமாகக் காலால் அளந்த மலை. சேலை செடியில் கிழிந்தது. அட்டை கடித்தது. யாரும் பேசவில்லை. கர்ச் கர்ச் சத்தம் மட்டும். தான் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கு இரண்டு முறை தோன்றியது. இரண்டு முறையும் புருஷனின் கம்பி போட்ட கால் நினைவுக்கு வந்தது. போவதற்கு வேறு இடமும் இல்லை.

அன்றைக்கு மூட்டம் பதினொன்றரைக்குத்தான் விலகியது. சாலையை அடைத்தாகிவிட்டது. கீழே கூடாரத்தில் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்த துரை எழுந்து நின்றார். சைக்கிளின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, சைக்கிளைவிட உயரமாக ஒரு வீடு நின்றது.

தோட்டத்தின் வேறு டிவிஷன் ஆட்களை ஏற்றிவந்து வெட்டி அழிக்க, லோரிக்கு வழியில்லை. பளபளக்கும் ஷூவோடு, இரண்டு தடவை வழுக்கி விழுந்து, துரை மலையேறி வந்தார். கால்சட்டை முழுக்கச் சேறு.

"வெட்டுங்க! முழு மலையையும் வெட்டுங்க! ஒண்ணும் தெரியக் கூடாது! ஹெலிகாப்டர் வர இன்னும் அரைமணி நேரம்தான் இருக்கு!"

அம்சவல்லி கத்தரியை மூடித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மணியம்மா உட்கார்ந்தாள். சேலைகள், கைலிகள், ரஃபிக்கும் அவனோடு வந்த நான்கு பேரும், எல்லாரும் செடிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்தார்கள்.

"காது கேக்கலையா? வேலையைச் செய்யுங்க!"

"பெரட்டு எடுத்தீங்களா தொர?" என்றாள் அம்சவல்லி.

"என்ன?"

"இன்னிக்கு லீவு. பெரட்டுல பேர் இல்லாதவங்க வேலையில இல்ல. நீங்கதான் சொன்னீங்க."

துரை ஹெலிகாப்டர் வரும் திசையைப் பார்த்தார்.

"அவர் விழுந்தது வேலையிலன்னு எழுதுங்க. பன்னெண்டு வீட்டையும் இடிக்கலன்னு எழுதுங்க. சசி கொண்டாந்து படிச்சுக் காட்டட்டும். அப்புறம் வெட்டறோம்."

"நாளைக்கு ஒருத்தருக்கும் இங்க வேலை இல்ல. போலீஸ் வரும். புரியுதா?"

புரிந்தது. எல்லாருக்கும் புரிந்தது. ஒருவர் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

துரை ஒரு கத்தரியைப் பிடுங்கினார். தானே வெட்டத் தொடங்கினார். தட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கொழுந்து அவர் ஷூமேலேயே கொட்டியது. நாலாவது செடியில் மூச்சு வாங்கியது.

"மணிக்கட்டை வளைக்காதீங்க தொர, இழுத்துக்கும்," என்றாள் மணியம்மா.

கீழே சைரன். கூட்டமாகச் சைக்கிள்கள் வளைவில் திரும்பி, வண்ண வண்ணச் சட்டைகளில் குனிந்த முதுகுகளாக ஏறிப் போயின. கடைசியில் ஒருவன் தனியாக வந்தான். எங்கோ விழுந்திருக்க வேண்டும், முழங்காலிலிருந்து ரத்தம் காலுறைவரை இறங்கியிருந்தது. டாக்டர் கார் அவன் பக்கத்திலேயே உருண்டது. ஜன்னல் வழியே ஒரு கை நீண்டு காயத்தைத் துடைத்துக்கொண்டே போனது. அம்சவல்லி அந்தக் கை மறையும்வரை பார்த்தாள். அவன்மேல் அவளுக்குப் பொறாமை வரவில்லை. படுதாவில் ஒன்றரை மணி நேரம் கிடந்த காலை நினைத்தாள்.

பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் மறுபடி ஏறிவந்தது. ஹெலிகாப்டர் சத்தம் தலைக்கு மேலே வந்து சுற்றியது. பார்த்தார்களா, மூட்டம் மறைத்துவிட்டதா? ஒருவருக்கும் தெரியவில்லை. சத்தம் கியா பார்ம் பக்கம் தேய்ந்து போயிற்று.

அம்சவல்லியின் போன் அடித்தது. இராமையா. லயத்து வாசலில் உட்கார்ந்து, மறைத்துக் கட்டிய துணியை ஊன்றுகோலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இத்தனை நேரமும் மலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்சா, கூரை வலது பக்கம் சாஞ்சிருக்கு புள்ள."

"நம்ம கூரை என்னிக்குங்க நேரா இருந்துச்சு?"

அந்தப் பக்கம் அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. அவள் போனைக் காதில் வைத்தபடியே சுற்றிப் பார்த்தாள். மூட்டத்துக்குள் ஆட்கள் மங்கலாகத் தெரிந்தார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை. துரை மட்டும் ஏழாவது செடியோடு போராடிக்கொண்டிருந்தார்.

"கூரை சாஞ்சிருக்காம்," என்றாள் சத்தமாக.

மூட்டத்துக்குள்ளிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். "நாளைக்கு வந்து நிமித்திக்கலாம் லா."

"எத்தனை மணிக்கு?" என்றாள் அம்சவல்லி.

"விடியறப்போ. எல்லாரும்."