மேசைக்கு அடியில் ஒரு மிதி

விசாரணை அறைக்குள் போகும் முன் ரேடியோவிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மேசைக்கு அடியில உன் காலை மிதிச்சேன்னா, அந்த இடத்துலயே வாயை மூடிடணும்."

"சரிக்கா" என்றான். அவன் சரி சொன்ன வேகமே எனக்குப் பயமாக இருந்தது.

ரேடியோ எங்கள் நகராட்சியில் குப்பை லாரி ஓட்டுகிறவன். வாய் ஓயாததால் வந்த பெயர். நான் வரி வசூல் பிரிவில் எழுத்தர், ஊழியர் சங்கக் கிளைக்குச் செயலாளர். யார் மேல் விசாரணை வந்தாலும் பக்கத்தில் உட்கார வேண்டியவள். போன வாரம் இவன் லாரி பூங்காச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பெஞ்சை நொறுக்கிவிட்டது. அதில் உட்கார்ந்திருந்த தாயும் பிள்ளையும் அப்போதுதான் எழுந்து போயிருந்தார்கள். தூங்கிக்கொண்டே ஓட்டினான் என்பது குற்றச்சாட்டு. அது உறுதியானால் வேலை போய்விடும்.

அவன் மனைவி நடைவழியில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "அக்கா, யாராவது ஒரு முறை முறைச்சா போதும், செய்யாததையும் செஞ்சேன்னு ஒத்துக்குவாரு. பாத்துக்கங்க" என்றாள்.

உள்ளே விசாரணை அதிகாரி அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். பக்கத்தில் பணியாளர் அதிகாரி. சங்கம் என்ற பேச்சே அந்த மனிதருக்கு வேப்பங்காய்.

"பிரேக் போட்டேன் மேடம். வண்டி நிக்காம பாஞ்சுடுச்சு" என்றான் ரேடியோ.

"பிரேக்ல ஒரு குறையும் இல்லைன்னு மெக்கானிக் சொல்லிட்டாரே" என்றார் பணியாளர் அதிகாரி. "அப்ப நீ பிரேக்கே போடலை. கண்ணசந்துட்ட. அதானே?"

"இருக்கலாம் சார்…"

மிதித்தேன்.

"விடியறதுக்கு முன்னாடியே எழுந்திரிக்கிறோம்…"

குதிகாலை ஊன்றி மிதித்தேன். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"உடம்பும் அசதியா இருந்துச்சு…"

உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கி மிதித்தேன். என் முழங்கால் வரை வலி ஏறியது. பணியாளர் அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் குனிந்தார்.

"ஒரு நிமிஷம் கண்ணு…"

"இடைவேளை வேணும்!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பிரதிநிதி கேட்டால் இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்பது நாங்கள் சண்டை போட்டு வாங்கிய விதி. அன்றைக்கு அந்த விதிதான் சோறு போட்டது.

நடைவழிக்கு வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீ என்ன மரக்கட்டையா? அந்த மிதி மிதிக்கிறேன், நீ பாட்டுக்கு உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறியே!"

"எப்பக்கா மிதிச்சீங்க?"

நிஜமாகவே கேட்டான். நான் குனிந்து பார்த்தேன்.

பூட்ஸ். முனையில் இரும்பு, தடித்த அடி, அகலமான ஓரம். குப்பை அள்ளும் ஒருவரின் கால்விரல்கள் தொட்டிக்கு அடியில் நசுங்கிய பிறகு, அலுவலக வாசலில் உட்கார்ந்து போராடி வாங்கிய பூட்ஸ். அள்ளுகிறவர், ஓட்டுகிறவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேண்டும் என்று கேட்டவள் நான். அதைச் சொல்லிச் சொல்லிக் கூட்டத்துக்குக் கூட்டம் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

என் மிதியே தெரியாத காலுக்கு லாரியின் பிரேக் எப்படித் தெரியும்?

"அன்னைக்கும் இதையா போட்டிருந்த?"

ரேடியோ வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

"சொல்லுடா."

"அன்னைக்குக் காலையிலதானேக்கா திட்டுனீங்க, வாங்கிக் கொடுத்ததைப் பரண்ல வெச்சு அழகு பாக்குறியான்னு. அதான் போட்டேன். பிரேக்கை மிதிச்சேன், ஓரம் ஆக்ஸிலேட்டரையும் சேத்து அமுக்கிடுச்சு."

"இதை ஏன் உள்ள சொல்லலை?"

"சொன்னா அந்த ஆளு எல்லார் காலுலேருந்தும் பிடுங்கிடுவாரு. அள்ளுறவங்க மறுபடி செருப்போட தொட்டி தூக்கணும். என் ஒருத்தன் வேலைதானே, போனா போகுது."

"உங்க ஒருத்தர் வேலையா?" அவன் மனைவி எழுந்துவிட்டாள். "அப்ப நானும் பிள்ளைங்களும் யாரு?"

அவன் என்னைப் பார்த்தான். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

"கழட்டு" என்றேன்.

பூட்ஸைக் கொண்டுபோய் அதிகாரிகளின் மேசைமேல் வைத்தேன். "இது சங்கம் கேட்டு வாங்குனது. அள்ளுறவங்களுக்கு இது வேணும். ஓட்டுறவங்களுக்கு ஆகாது. அதை யோசிக்காம கேட்டது நான். வாங்க, லாரியில காட்டுறேன்."

பணியாளர் அதிகாரியின் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

லாரி முற்றத்தில் எல்லாரும் நின்றோம். மெக்கானிக் தன் செருப்பை விட்டுவிட்டு, முனகிக்கொண்டே அந்தப் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறினார். எஞ்சின் ஓட, முதல் முறை பிரேக்கை மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. ரேடியோவின் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரத்துல மிதிக்கிற மாதிரி மிதிங்கண்ணே" என்றேன்.

பட்டென்று மிதித்தார். எஞ்சின் உறுமியது. மெக்கானிக் பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டு, "அடக் கடவுளே, ரெண்டும் சேந்து போகுது" என்றார்.

விசாரணை அதிகாரி அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "இதுல தூக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவர் மேல தப்பு இல்லைன்னு எழுதிடறேன்."

அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ரொம்ப நல்லது" என்றார் பணியாளர் அதிகாரி. "சங்கமே குத்தம்னு ஒத்துக்கிட்டாச்சு. நாளைக்கே எல்லார் பூட்ஸையும் திரும்ப வாங்கிடலாம்."

ரேடியோ வெறுங்காலோடு ஓரடி முன்னால் வந்தான். "சார், அப்படின்னா நான் தூங்கிட்டேன்னே எழு…"

மிதித்தேன்.

"ஆ!" என்று அலறிக் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஓட்டுறவங்களுக்கு மட்டும் மாத்திக் கொடுங்க" என்றேன். "அள்ளுறவங்க பூட்ஸ்ல கை வெச்சீங்கன்னா நாளைக்கு வாசல்ல பேசிக்கலாம்."

விசாரணை அதிகாரி அம்மா பணியாளர் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "ஓட்டுநர்களுக்கு மட்டும்னுதான் நானும் எழுதப் போறேன்" என்றார்.

ரேடியோ இன்னும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

"இப்பத் தெரியுதுக்கா" என்றான்.