எடுத்துப் போனவர் பெயர்

மனு திங்கட்கிழமை காலையில் வந்தது. நூலகம் திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. செய்தித்தாள்களை மேசைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, இரும்புக்கடையில் வேலை பார்க்கும் ஆள் ஒருவர் நீளமான உறை ஒன்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நூலகரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் உஷ்ஷக்கா என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட யாரையும் பார்த்து 'உஷ்' என்று சொன்னதில்லை. சத்தம் வந்தால் அந்த மேசைப் பக்கம் போய்ச் சும்மா நிற்பாள், அவ்வளவுதான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் இருந்த உதவியாளருக்கும் அப்படித்தான், முத்திரை என்று பெயர். தேதி முத்திரையை அவர் குத்தும் வேகத்துக்கு மேசை ஒருபக்கம் சாய்ந்தே போயிருந்தது.

உறைக்குள் பதினேழு புத்தகங்களின் பட்டியல் இருந்தது. குடும்பங்களைக் குலைக்கும் இந்த நூல்களை உடனே அகற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள். அதில் பாதி ஒரே பேனாவில், ஒரே சாய்வில். பட்டியலில் கலப்பு உரம் தயாரிப்பது பற்றிய புத்தகம்கூட இருந்தது. "கலப்புன்னு பாத்ததும் மிரண்டுட்டாங்க போல. உள்ள இருக்கிறது சாணிதான்னு யாராவது சொல்லக் கூடாதா?" என்றார் முத்திரை.

உஷ்ஷக்கா சிரிக்கவில்லை. முதல் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய அண்ணனுடையது. ஊரில் பெரிய இரும்புக்கடை அவருடையதுதான்.

மனுவின் கடைசியில் இன்னொரு கோரிக்கை இருந்தது. கடந்த ஓராண்டில் இந்தப் புத்தகங்களை எடுத்துப் போனவர்களின் பெயரும் முகவரியும் வேண்டும்.

மதியத்துக்குள் மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். சனிக்கிழமை விசாரணைக் குழு கூடும், அதுவரை பதினேழையும் சத்தமில்லாமல் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், எதற்கு வீண் வம்பு என்றார். விசாரணை முடியும்வரை புத்தகம் அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதை அவள் சொன்னாள். விதியெல்லாம் எனக்கும் தெரியும் என்றார் அவர். அப்படியானால் எடுக்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு அனுப்புங்கள் என்றாள். எதிர்முனையில் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். எழுத்தில் எதுவும் வரவில்லை.

அன்று சாயங்காலம் கணினியைத் திறந்து பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பதினாறு புத்தகங்கள் உள்ளே இருந்தன. ஏழாவது மட்டும் வெளியே போயிருந்தது. வீட்டில் அடி உதை நடந்தால் என்ன செய்வது, யாரிடம் போவது, எந்தச் சட்டம் துணைக்கு வரும் என்று ஒரு பெண் வழக்கறிஞர் எழுதிய சின்னக் கையேடு. மூன்று முறை தவணை நீட்டப்பட்டிருந்தது. எடுத்துப் போனவர் பெயர் இருந்த இடத்தில் அவளுடைய அண்ணியின் பெயர் இருந்தது.

வெயில் காலத்திலும் அண்ணி போடும் முழுக்கைச் சட்டை நினைவுக்கு வந்தது. போன வருஷம் மணிக்கட்டில் கட்டு, கதவு இடித்துவிட்டது என்றார்கள். அதற்கு முந்தின வருஷம் உதட்டில் தையல், குளியலறையில் வழுக்கி விழுந்தது என்றார்கள். "பாத்து நடங்க அண்ணி" என்று அப்போது தானே சொன்னதும் நினைவுக்கு வந்தது. பாத்து நடங்க. அதைச் சொன்ன வாயைக் கிழிக்க வேண்டும்போல இருந்தது. ஊருக்கெல்லாம் படிக்கப் புத்தகம் கொடுத்தவளுக்குத் தன் வீட்டுக்குள் ஒரு வரி படிக்கத் தெரியவில்லை.

புதன்கிழமை அண்ணன் நேரிலேயே வந்தார். மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். மற்ற பதினாறும் சும்மா கூட்டத்துக்குச் சேர்த்தது, ஏழாவதுதான் விஷயம். அந்தப் புத்தகம் அவர் வீட்டுத் தையல் மெஷின் இழுப்பறையில் கிடந்திருக்கிறது. தைக்க வந்த துணிமணியோடு வந்தது, யாருடையது என்று தெரியாது என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் தேதிகள் மட்டும்தான், பெயர் இல்லை. தைக்கக் கொடுக்க வரும் பெண்களில் எவளோ ஒருத்தி தன் மனைவியின் மனதைக் கெடுக்கிறாள், அவள் யாரென்று தெரிந்தாக வேண்டும் என்றார்.

"படிக்கிறவங்க பேரை நாங்க யாருக்கும் கொடுக்கிறதில்ல அண்ணா."

"நான் யாரோவா, பாப்பா?"

"இந்த மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்தா நீயும் யாரோதான்."

அவர் சிரித்தார். பிறகு, அம்மா போன பின்னால் உன்னைப் படிக்கவைத்தது யார் என்று கேட்டார். அது உண்மைதான். அவருடைய சட்டைப் பையில் அவளுடைய பள்ளிக் கட்டண ரசீது மடிந்து மடிந்து கிழிந்திருந்ததை அவளே பார்த்திருக்கிறாள். அந்தக் கட்டணத்தைக் கட்டிய கைதானே அண்ணியையும் அடித்தது என்று நினைத்தாள். மேசைமேல் கிடந்த அந்தக் கையை, இரும்புக் கம்பி எடை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொன்னால் அவர் நேரே வீட்டுக்குத்தான் போவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சனிக்கிழமை வா. எந்தப் பக்கத்துல என்ன தப்புன்னு புத்தகத்தைக் கொண்டுவந்து குழுவுக்குக் காட்டணும். அதுதான் முறை" என்றாள்.

அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று தெரிந்ததும் அவள் அரைநாள் விடுப்பு எழுதிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி முன்னறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனாரைக் கண்டதும் கத்தரிக்கோல் நின்றது.

"நீ பாத்துட்டியா?"

"நான் எதையும் பாக்கல அண்ணி."

"உனக்குப் பொய் வராது. சின்ன வயசுலயே வராது." அண்ணி மறுபடி வெட்டத் தொடங்கினாள். கோடு பிசகாமல் போனது. "பேரைக் குடுத்துடுவியா?"

"மாட்டேன்."

"அவர் உன் அண்ணன்."

"தெரியும்."

அண்ணி எழுந்து, அளவுத் தாள்கள் சுருட்டி வைத்திருந்த கட்டிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். சட்டைக் கழுத்தின் படம் வரைந்த தாள். அதன் பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் பொடி எழுத்து. கையேட்டின் ஏழாம் அத்தியாயம், தொலைபேசி எண்கள் உட்பட. புத்தகம் போனாலும் போகட்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாள். இப்போதே என்னோடு வந்துவிடுங்கள் என்று உஷ்ஷக்கா சொன்னாள். அண்ணி தலையாட்டி மறுத்தாள். மகளுக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி இருக்கிறது, கிளம்பும் நாளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பெயரை மட்டும் பார்த்துக்கொள் என்றாள்.

திரும்பி வந்ததும் உஷ்ஷக்கா நூலகக் கையேட்டை முத்திரையின் முன்னால் திறந்து போட்டாள். பதினான்காம் விதி: நூல் திரும்பி வந்ததும் எடுத்துப் போனவரின் பெயர் பதிவிலிருந்து அழிக்கப்பட வேண்டும். பக்கம் கிழித்தவர்களைப் பிடிக்கலாமே என்ற வசதிக்காக வருஷக்கணக்காக யாரும் அதைச் செய்ததில்லை. அவளும் செய்ததில்லை. வியாழனும் வெள்ளியும் இருவரும் உட்கார்ந்து, திரும்பி வந்த ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் அழித்தார்கள். சமையல் புத்தகம், கணக்குப் புத்தகம், துப்பறியும் கதை எதையும் விடவில்லை. முத்திரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, தேநீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

வெள்ளி மாலை ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. புத்தகம் வராமல் அதை அழிக்க முடியாது. வராததை வந்ததாகப் பதியலாம், ஒரு விரல் அசைவுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு பொய்ப் பதிவு போட்டதில்லை. நாளை அண்ணன் புத்தகத்தைக் கொண்டுவராவிட்டால் அதையும் போடுவேன் என்று முடிவு செய்துகொண்டுதான் கதவைப் பூட்டினாள்.

சனிக்கிழமை வாசிப்பு அறையில் குழு உட்கார்ந்தது. மேலதிகாரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், வணிகர் சங்கத்திலிருந்து இருவர். சுவரோரம் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் முப்பது பேர் நின்றார்கள். வழக்கமாகப் படிக்க வருகிறவர்களும் இடத்தை விட்டு எழாமல் அப்படியே இருந்தார்கள்.

உஷ்ஷக்கா முதலில் ஒன்று கேட்டாள். பதினேழில் எதையாவது முழுசாகப் படித்தவர்கள் யார்? தலைமையாசிரியை மட்டும், இரண்டைப் படித்ததாகக் கை தூக்கினார். சுவரோரம் ஒரு கைகூட எழவில்லை.

"படிக்க என்ன இருக்கு?" என்று எழுந்தார் அண்ணன். பையிலிருந்து கையேட்டை எடுத்து, மடித்து வைத்திருந்த பக்கத்தை உரக்கப் படித்தார். 'அடிப்பது வீட்டு விவகாரம் அல்ல, குற்றம். அடிபடுவது உங்கள் தவறால் அல்ல.' படித்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு எந்த வீடு உருப்படும் என்று குழுவைப் பார்த்துக் கேட்டார். சங்கத்துக்காரர்கள் இருவரும் தலையாட்டினார்கள். சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி தரையைப் பார்த்தாள்.

உஷ்ஷக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். அந்த வரியை அந்தக் குரலில் கேட்க ஆத்திரமாக வந்தது. "எந்தப் பக்கம்னு பாக்கணும். மேசையில வைங்க" என்றாள். வைத்தார். அவள் புத்தகத்தை எடுத்து முதுகிலிருந்த எண்ணைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மடித்த பக்கத்தை நிமிர்த்தினாள். பிறகு திரும்பி முத்திரையிடம் நீட்டினாள். "நூலகப் புத்தகம், தவணை தாண்டியிருக்கு. வரவு வைங்க."

முத்திரை வரவு வைத்தார். விதிப்படி செய்ய வேண்டியதையும் செய்தார். அப்புறம் சீட்டில் ஒரு குத்துக் குத்தினார், சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. பெயர்ப் பட்டியல் எங்கே என்று மேலதிகாரி கேட்டார். பட்டியல் என்று எதுவும் கிடையாது, புத்தகம் திரும்பி வந்தால் பெயர் போய்விடும், பதினான்காம் விதி என்று அவள் சொன்னாள். எப்போதிலிருந்து இந்த விதியைக் கடைப்பிடிக்கிறீர்கள் என்றார் அவர், பல்லைக் கடித்தபடி.

"இந்த வாரத்துலேருந்து. இத்தனை வருஷம் செய்யாதது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. ஒருத்தர் ஒரு புத்தகத்தைக் கையில எடுக்கிறதுக்குள்ள எத்தனை தடவை அந்த அலமாரியைத் தாண்டித் தாண்டி நடக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். பக்கத்துல யாரும் இல்லைன்னு பாத்துட்டுத்தான் எடுக்கிறாங்க. அவங்க பேரை எழுதி உங்க கையில கொடுத்தா, நாளைக்கு அவங்க முதுகுல விழற ஒவ்வொரு அடிக்கும் நான்தான் கம்பு எடுத்துக் கொடுத்தவ. மாட்டேன்."

அப்போது அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லாம் வாயில் வந்துவிடும் என்று தலைமையாசிரியையின் கண்ணாடியைப் பார்த்தே பேசினாள். ஆனால் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

முடிவு ஒரு மணி நேரத்தில் வந்தது. பதினாறு புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்கலாம். உரப் புத்தகத்தின் பெயர் வாசிக்கப்பட்டபோது பல் மருத்துவர் இருமுவதுபோலச் சிரித்தார். கையேட்டை மட்டும் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும், கணவரோ தந்தையோ கையெழுத்திட்ட கடிதத்தோடு வந்தால் கொடுக்கலாம். மூன்றுக்கு இரண்டு வாக்கு. அடிக்கிறவனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து படி என்கிற தீர்ப்பை, தட்டச்சு செய்து, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியையும் பல் மருத்துவரும் மறுப்பு எழுதினார்கள். திங்களன்று உஷ்ஷக்காவைப் பணியிடை நீக்கம் செய்த உத்தரவு வந்தது. பதிவுகளை அழித்தது குற்றம் என்றது அது. எழுத்தில் உத்தரவு போட அவர்களுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் விளங்கியது.

அடுத்த வியாழக்கிழமை, மகளின் பரீட்சை முடிந்த மறுநாள், முற்பகலில் அண்ணி உஷ்ஷக்காவின் வீட்டுக்கு வந்தாள். வண்டியிலிருந்து மகள் இரண்டு பைகளோடு இறங்கினாள். அண்ணி தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, பிள்ளையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். "கால் பலகை அங்கேயே கிடக்கட்டும். மிதிக்க அவருக்கு ஏதாவது வேணுமே" என்றாள். உஷ்ஷக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி அந்தச் சுருட்டிய தாளில் இருந்த எண்ணுக்குப் பேசி, ஒரு வழக்கறிஞரைப் பார்க்க நாள் குறித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

அண்ணன் இரண்டு முறை வாசலுக்கு வந்தார். முதல் முறை கத்தினார், இரண்டாம் முறை அழுதார். இரண்டு முறையும் உஷ்ஷக்கா வாசலை மறித்து நின்றாள். குடும்பத்தைப் பிரித்தவள் என்று உறவுக்காரர்கள் அவளைத்தான் சொன்னார்கள். அண்ணியின் உதட்டுத் தையலை அவர்களும்தான் பார்த்திருந்தார்கள்.

கையேடு இன்னும் பூட்டுக்குள்தான் இருக்கிறது. இரண்டு பெண்கள் வந்து கேட்டு, கடிதம் வேண்டும் என்றதும் திரும்பிப் போனதாக முத்திரை வந்து சொன்னார். அன்றே அவள் மேல்முறையீட்டை நான்காவது தடவையாக எழுத உட்கார்ந்தாள். உள் அறையில், புதிதாக மோட்டார் மாட்டிய அண்ணியின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் மூன்றுக்கும் பதில் வந்திருக்கவில்லை. 'அந்தப் பூட்டை அகற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். பேனாவை அழுத்திப் 'பணிவுடன்' என்பதை அடித்தாள், தாள் கிழிந்தது. வேறு தாள் எடுத்து, அந்தச் சொல் இல்லாமல் முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.