விரலுக்குத் தெரியாத பொட்டு

"டிக்" என்றது துப்பாக்கி. அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

எதிரே நின்ற எல்க் மான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல் மரங்களுக்குள் போயிற்று. தோட்டா தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று குழலை மலைப்பக்கம் நீட்டியபடியே காத்திருந்தேன். அதுவும் இல்லை. அந்த வாரத்தில் இப்படி ஆவது மூன்றாவது தடவை. நன்றித் திருநாள் வாரத்தோடு மொன்டானாவில் வேட்டைக்காலம் முடிந்துவிடும். எங்கள் ஃப்ரீசரிலோ ஐஸைத் தவிர எதுவும் இல்லை.

தோட்டா தயாரிப்பது ஓரின், என் கணவன். பள்ளியில் ஒரே வகுப்பு. போன வருஷம் பக்கவாதத்தில் அவனுக்கு வலப்பக்கம் விழுந்ததிலிருந்து மலை ஏறுவது நான். கொட்டகையில் உட்கார்ந்து காலித் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்புவது அவன். அவனுக்கென்று மிஞ்சிய வேலை அது ஒன்றுதான்.

அவன் தம்பி வெர்லினுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? "கடைத் தோட்டா வாங்கிக்கோ ஆர்லிஸ். அவன் கைக்கு இனிமே இது சரிப்படாது" என்றான், ஓரினை எதிரில் வைத்துக்கொண்டே.

"நீ வாயை மூடிக்கிட்டு காபியக் குடி" என்றேன்.

எனக்கும் ஓரின் மேல் எரிச்சல்தான். ஆனால் அதை நான்தான் சொல்லலாம்.

கொட்டகையில் ஓரின் வெடிக்காத தோட்டாவை விளக்கடியில் திருப்பிப் பார்த்தான். "துப்பாக்கி ஊசி பட்டிருக்கு. பள்ளம்தான் ஆழமா விழல. குளிர்ல துப்பாக்கிக்குள்ள கிரீஸ் இறுகிப்போயிருக்கும்."

"நேத்துதான் துடைச்சேன். என் மேல போடாத."

மிச்சத் தோட்டாக்களை எடுத்து அடிப்பக்கத்தைத் தடவினேன். ஊசி குத்தியதும் தீப்பொறி கொடுக்கும் பொட்டு அங்கேதான் இருக்கும், பொட்டு வெடி அளவுக்கு. அது மட்டத்துக்குச் சற்றே கீழே அமுங்கியிருக்க வேண்டும். என் விரலில் இடறியது. அடுத்ததும் இடறியது.

"துருத்திக்கிட்டு நிக்குது, ஓரின்."

"அப்போ ஊசியோட அடியெல்லாம் அதை உள்ள தள்றதுக்கே போயிருக்கு" என்றான் மெதுவாக.

"நீ தடவிப் பாக்கலியா?"

"ஒண்ணு விடாம பாத்தேன்." வலது கட்டைவிரலை என்னிடம் நீட்டினான். "இதுல எதுவுமே தெரியறதில்ல ஆர்லிஸ். ஆஸ்பத்திரியிலேருந்தே."

ஆஸ்பத்திரியில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கையைத்தான். தினமும் சாப்பாட்டுப் பிரார்த்தனையில் பிடிப்பதும் அதைத்தான்.

"அப்போ நான் புடிச்சிருந்தது?"

"பாத்துக்கிட்டிருந்தேன். பாக்கவே நல்லா இருந்துச்சு."

அவனை அடிக்கலாம் போலிருந்தது. அழுதுவிட்டேன்.

பிறகு எல்லாத் தோட்டாக்களையும் பக்குவமாகப் பிரித்தோம். ஓரின் இடக்கையால் புதுப் பொட்டுகளை அழுத்தினான். ஒவ்வொன்றையும் நான் தடவிப் பார்த்த பிறகே மருந்து போட்டான்.

"ஒரு தோட்டாவுக்கு ரெண்டு ஆளா?" என்று சிரித்தான் வெர்லின்.

"இறைச்சி கேட்டு வருவே இல்ல, அப்போ வச்சுக்கறேன்" என்றான் ஓரின்.

திருநாளுக்கு முந்தின நாள் காலை துப்பாக்கி வெடித்தது. ஒரே குண்டு. குளிரில், விழுந்துகிடந்த மானின் பக்கத்தில் நின்று வாய்விட்டு நன்றி சொன்னேன், கடவுளுக்கும் என் கிழவனுக்கும்.

மறுநாள் மேஜையில் பிரார்த்தனைக்காக எல்லோரும் கைகோக்க, ஓரின் எழுந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு எனக்கு மறுபக்கம் வந்தான்.

"இப்போ எங்கடா கெளம்பிட்ட? சூடு ஆறுது" என்றான் வெர்லின்.

ஓரின் இடக்கையை என் கையில் வைத்து இறுக்கினான். ஆமென் சொன்ன பிறகும் விடவில்லை. அவன் சாப்பிடுவது அந்தக் கையால்தான். இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.