மூக்கைக் காற்றுக்குக் காட்டி

எங்கள் ஷாஸுக்குப் புது ரேடியேட்டர் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். ஷாஸ் என்பது பழைய மாடல் பிக்கப் வண்டிக்கு எங்கள் பக்கத்துச் செல்லப்பேர். எங்கள் ஊர் ஹாயிலில் பாதிப் பேர் பெற்ற பிள்ளையைவிட ஷாஸைத்தான் சீராட்டி வளர்த்தார்கள். போன கோடையில் நஃபூத் பாலைவன மணலில் அது கொதித்து நின்றது. என் வீட்டுக்காரர் ஃபீஹான் வெயிலில் நின்று தண்ணீர் ஊற்றப் போய், மயங்கிச் சாய்ந்துவிட்டார். அன்று பிடித்த பிடியை எங்கள் மகள் ஹுஸ்ஸா விடவில்லை. வண்டியை விற்றுவிட்டு ரியாத்துக்கு வந்துவிட வேண்டுமாம். அவள் வீட்டு மாடி காலியாகவே கிடக்கிறதாம்.

வண்டியை விற்பதாவது! எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? ரேடியேட்டரை மாற்றினால் தீர்ந்தது என்றேன். ரியாத் விஷயத்தில்தான் எனக்கு வாய் அடைத்துப்போனது. எனக்குப் போக மனமே இல்லை. இவர் மனதில் என்ன என்று தெரியாமல் நான் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மகள் போனில் கேட்பாள், "அப்பா என்னதான் சொல்றாரு?" அப்பா என்ன சொல்வார், தேநீரைக் குடித்துவிட்டு நகத்தைப் பார்ப்பார்.

பட்டறைத் தெருவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அவத், ஹத்ரமௌத்துக்காரர். மகள் பேரை வைத்து என்னை உம்மு ஹுஸ்ஸா, இவரை அபூ ஹுஸ்ஸா என்றுதான் கூப்பிடுவார். கையிலிருப்பதையெல்லாம் எடுத்துச் சுவரோரம் சாத்தி வைத்தார்.

"தாருக்கா, மணலுக்கா?"

"மணலுக்குத்தான். தார் ரோட்டுல இவர் ஓட்டுற வேகத்துக்கு ரேடியேட்டரே வேண்டாம்" என்றேன். நான் ஒட்டகத்துக்குத் தண்ணீர் ஏற்றிப்போய் மணலில் வண்டி பழகியவள். நகரத்தில் பெண்கள் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றிருந்த காலத்திலேயே, தார் முடிந்ததும் நாங்கள் இடம் மாறி உட்கார்ந்துகொள்வோம்.

"அப்போ பிளாஸ்டிக் தலை வச்சது ஆகாது, உம்மு ஹுஸ்ஸா. குலுங்கிக் குலுங்கி ஓரம் விட்டுரும். இந்தத் தடி அலுமினியம் நல்லாக் குளிரும், ஆனா விசிறி போய் இடிக்கும். இது செம்பு, மூணு வரிசை. கனம்தான். ஓட்டை விழுந்தா ஈயம் வச்சு அடைச்சுக்கலாம்."

"தகடு இவ்வளவு நெருக்கமா இருக்கே, மணல் அடைச்சுக்காதா?"

"அடைக்கும்தான். அதுக்குத்தான் இது" என்று தகடுகள் சற்று விலகியிருந்த இன்னொரு செம்பை முன்னால் இழுத்தார். "மணல்ல வண்டி ஊர்ந்துதானே போகும்? காத்து தானா வராது, விசிறிதான் இழுக்கணும். விசிறியைச் சுத்தி இந்தக் கூட்டையும் மாட்டிருங்க. நடு மத்தியானத்துலயும் சூடு காட்டுற முள்ளு நகராது."

அதுவரை வாயே திறக்காமல் நின்ற என் மகராசன், மூலையில் இருந்த ஒற்றை வரிசை ரேடியேட்டரைக் காட்டினார். "இது போதும்."

"போதுமா? போன வருஷம் விழுந்தது போதலையா உங்களுக்கு?"

"ஒண்ணு ரெண்டு தடவ கொதிச்சா குடியா முழுகிடும்?"

அவத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அபூ ஹுஸ்ஸா, கொதிக்கிற மாதிரி ஒண்ணு குடுன்னு கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்!"

கஞ்சத்தனம் என்று நினைத்தேன். எரிச்சலில் செம்பையும் விசிறிக்கூட்டையும் நானே எடுத்துவைக்கச் சொன்னேன். வீடு வரும்வரை அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கோடை தொடங்கியதும் என் தம்பியின் ஒட்டகக் கொட்டகைக்குப் புறப்பட்டோம். தார் முடிந்த இடத்தில் இடம் மாறினோம். முதல் பெரிய மேட்டில் ஏறினேன். முள் நடுவில் நின்றது. இரண்டாவது மேட்டிலும் அங்கேயே நின்றது. "பாத்தீங்களா!" என்றேன். "ம்" என்றார்.

மூன்றாவது மேடு தாண்டும்போது ஒற்றைப் புதர் நிற்கும் சரிவு வந்தது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. முன்பெல்லாம் அங்கே கொதிக்காமல் போனதே இல்லை. கொதித்தால் வண்டியைத் திருப்பி, மூக்கைக் காற்றுக்குக் காட்டி, பானெட்டைத் திறந்துவிட்டு, நிழல் விழும் பக்கம் பாயைப் போடுவோம். அடுப்பில் காவாக் காபி கொதிக்கும், ஏலக்காய் மணக்கும், இவர் பேச ஆரம்பிப்பார். அந்தச் சரிவில்தான் மகளுக்கு ஹுஸ்ஸா என்று பேர் வைத்தோம். வேறொரு மேட்டடியில்தான், இனி குழந்தை பிறக்காது என்று மருத்துவமனையில் சொன்னதைக் கேட்டு நான் அழுதபோது, "எனக்கு இவ ஒருத்தி போதும், நீ இருந்தா போதும்" என்றார். வீட்டில் நான்கு சுவருக்குள் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

புதர் பின்னால் போய்விட்டது. வண்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் பேசும் ஒரே இடத்தையும் நானே காசு கொடுத்து அடைத்துவிட்டேன். இப்படியே கொட்டகை வரும், தம்பி வருவான், ஆட்கள் கூடுவார்கள். வெள்ளிக்கிழமை மகள் கேட்பாள். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டே ரியாத் மாடியில் போய் உட்கார்ந்திருப்போம்.

அடுத்த மேட்டடியில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினேன்.

"என்னாச்சு?"

"கொதிச்சிருச்சு."

அவர் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் பானெட்டைத் திறந்துவைத்தார். வெயில் சாய்ந்திருந்தது. நிழலில் பாயைப் போட்டு, அவரே அடுப்பை மூட்டினார்.

முதல் காவா உள்ளே போகும்வரை பொறுத்துக்கொண்டேன். "ரியாத்துக்குப் போகலாமா, வேண்டாமா? வாயத் திறந்து சொல்லுங்க."

"உனக்குப் போக ஆசைன்னு நெனச்சேன்."

"நான் எப்போ சொன்னேன்?"

"வேண்டாம்னும் சொல்லலையே. சொல்ற ஆளா நீ? வீட்டுல வேலை வேலைன்னு ஓடுவ. வண்டியில ஏறினா மணலையே முறைச்சுப் பாப்ப. வண்டி நின்னாத்தான் உன் வாய்லேருந்து முத்து உதிரும். அதுக்குத்தான் அந்தச் சின்ன ரேடியேட்டரக் கேட்டேன்."

இத்தனை வருஷமும் ஊமை அவர் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்! சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"எனக்கு இங்கேயே இருக்கணும்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார்.

மகளுக்கு உடனே சொல்லிவிடலாம் என்று போனை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் என் அங்கியின் நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"என்ன அவசரம்? எஞ்சின் ஆறட்டும்."