பின்சீட்டுக்காரி

பாஸ்கல் என் கடை வாசலில் பைக்கை நிறுத்தியபோது நான் ஒரு போலீஸ்காரரின் பைக் சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏழு வருடமாகப் புந்தோங் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "கத்தரின், ஒரு வேல இருக்கு," என்றான். கட்டிய புருஷனாக இருந்த காலத்திலும் இதே தொனிதான்.

"ஈப்போவுல வேற குஷன் கடையே இல்லையா?"

"இருக்கு லா. ஒன்ன மாதிரி செய்ய ஆள் இல்ல."

புகழ்ந்தால் எனக்குக் கோபம் இன்னும் ஏறும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் புகழ்கிறான் என்றால் நிஜமாகவே என் கை தேவைப்படுகிறது.

நான் மோட்டார் சைக்கிள் சீட்டு தைப்பவள். தூரப் பயணம் போகிறவர்கள் பெட்டி வாங்குவார்கள், விளக்கு வாங்குவார்கள், போனை மாட்ட ஒரு கொக்கி வாங்குவார்கள். உட்காரும் இடத்தை மட்டும் மறந்துவிட்டு, தாய்லாந்தில் ஹாட்யாய் வரை போய்த் திரும்பிய பிறகு நொண்டிக்கொண்டே என்னிடம் வருவார்கள். நான் முதலில் உறையைக் கழற்றிப் பழைய ஸ்பாஞ்சைப் பார்ப்பேன். உட்கார்ந்தவர் கதை முழுக்க அதில் இருக்கும். இந்தப் போலீஸ்காரர் இடுப்பு வலி என்றுதான் வந்தார். ஸ்பாஞ்சின் வலது பக்கம் சதுரமாக ஒரு பள்ளம். பர்ஸை எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள், பாதி வலி போய்விடும் என்றேன். ஸ்பாஞ்சைப் பார்க்காமல் நான் கத்தியை எடுத்ததே இல்லை.

பாஸ்கலின் பைக்கைச் சுற்றி வந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, எடை சரிசமமாக. கைப்பிடியை ஓர் இஞ்சு உயர்த்தியிருந்தான், முதுகு வளையாமல் இருக்க. காற்று நெஞ்சில் அடிக்காதபடி உயரமான கண்ணாடி. செயின் புதுசு, எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான். இரண்டு டயரும் புதுசு, ரப்பர் முள் இன்னும் தேயவில்லை. குறை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஏழு வருடத்துக்கு முன்னால் இவன் இப்படி டயர் மாற்றியிருந்தால் நான் இவனோடு இன்னும் ஒரே வீட்டில் இருந்திருப்பேன். அப்போது எங்கள் மகள் வெண்டிக்குப் பதினைந்து வயது. தான் பிறந்த தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று அவளைப் பின்னால் உட்கார வைத்துச் சுங்காய்க்கு ஓட்டிக்கொண்டு போனான். பின் டயர் வழுக்கையாக இருந்தது. அடுத்த மாசம் மாத்திக்கலாம் லா என்றான். லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனை எண்ணெய்ப் பழங்கள் ரோட்டில் கிடந்தன, பைக் வழுக்கி விழுந்தது. இவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. என் பிள்ளைக்கு இடது இடுப்பில் மூன்று ஸ்குரூ.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாதா படத்துக்கு முன்னால் அவளை நிறுத்தி, இனி அப்பா பைக்கில் ஏறமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அதன் பிறகு அவனை வீட்டைவிட்டு அனுப்பினேன்.

"எங்க போற?" என்றேன்.

"சியாங் மாய். ஆறு பைக்கு. வெள்ளிக்கெழம காலைல கெளம்புறோம்." சீட்டின் பின்பகுதியைத் தட்டினான். "முன்னாடி எப்படி வேணாலும் செய்யி. பின்னாடிதான் முக்கியம். ஆள் ஒக்காரும்."

"யாரு ஆளு?"

"ஒனக்கெதுக்கு அது?"

எனக்கு எதற்காம். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை கலாதேவி அக்கா போன மாதமே சொல்லிவிட்டார், பாஸ்கல் தெலுக் இந்தானில் ஒரு பொம்பளையோடு சந்தையில் நின்றான் என்று. அவளுக்குச் சீட்டு தைக்க நான். ஏழு வருடம் கழித்து என்னிடம் வந்தது இதற்குத்தான்.

"வியாழக்கெழம சாயங்காலம் வந்து எடுத்துக்க," என்றேன்.

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு உறையை ஒரே இழுப்பில் கிழித்தேன். பின் ஸ்பாஞ்சைக் கத்தியால் நெம்பி, கையில் வந்ததைப் பார்க்காமல் பின்கட்டுச் சாக்கில் எறிந்தேன். எந்தப் பொம்பளையின் பள்ளத்தையும் நான் பார்க்கத் தயாராக இல்லை. அடித்தட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். அதில் மூன்று பிளாஸ்டிக் வரப்புகள், விரல் உயரத்துக்கு.

முன் சீட்டை ஒழுங்காகச் செய்தேன். அடியில் கெட்டி ஸ்பாஞ்சு, மேலே ஜெல். அவன் சுகமாகப் போகட்டும், பின்னால் இருப்பவள் நெளியட்டும், பாதி வழியில் சண்டை வரட்டும். பின் சீட்டுக்குத் தலையணை ஸ்பாஞ்சு வைத்தேன், அந்த வெள்ளை, பஞ்சு மாதிரி. கடையில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள், நான் திட்டி அனுப்புவேன். முதல் அரை மணி நேரம் மெத்தை. அப்புறம் அது அப்படியே அமுங்கிப்போகும், அடித்தட்டின் வரப்பு எலும்பில் வந்து ஏறும். மேலே நல்ல கருப்புத் தோல், சிவப்பு நூலில் இரட்டைத் தையல். பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு அழகாக நான் எந்தச் சீட்டையும் தைத்ததில்லை.

வியாழன் மாலை பாஸ்கல் வந்தான். பின்பகுதியை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தான். கை மெத்தென்று உள்ளே போனது.

"ரொம்ப மெதுவா இருக்கே. தாங்குமா?"

"நீ சீட்டு தைக்கிறியா, நான் தைக்கிறேனா?"

சீட்டை மாட்டிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் குப்பை அள்ள ஆள் வரும் என்று சாக்கை வெளியே இழுத்தேன். வாய் அவிழ்ந்து அந்தப் பின் ஸ்பாஞ்சு வெளியே விழுந்தது. குனிந்து எடுத்தேன். பழக்கதோஷம், விரல் தானாகத் தடவியது.

வலது பக்கம் இரண்டு விரல் ஆழத்துக்குப் பள்ளம். இடது பக்கம் ஏறக்குறைய புதுசு. உட்கார்ந்தவள் சின்ன உடம்புக்காரி. முழு எடையையும் வலது பக்கம் வைத்து, இடது பக்கம் லேசாகத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில்.

இந்தப் பள்ளம் எனக்குத் தெரியும். என் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் இதே பள்ளம் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வெண்டி வந்து உட்காரும் நாற்காலி. அதற்கு இடது பக்கம் அரை இஞ்சு உயர்த்தி மெத்தை தைத்துப் போட்டவள் நான்தான்.

ஆபீஸ் பிள்ளைகளோடு கேமரன் மலைக்குப் போகிறேன், ஒரு வாரம் என்று போன ஞாயிறு அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னாள். குளிர்ச் சட்டை எடுத்துக்கோ என்று நான் கொடுத்தனுப்பினேன்.

வெண்டிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பாஸ்கலுக்குச் செய்தேன். ஓட்டிக்கொண்டிருப்பவன் எங்கே எடுப்பான். என் மீதே எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையை ஓங்கிக் குத்தினேன், கைதான் வலித்தது. கெட்டி ஸ்பாஞ்சில் ஒரு துண்டு, கத்தி, பசை, ஸ்டேப்ளர், மீதித் தோல் எல்லாவற்றையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் சத்தமாகத் திட்டினேன். அவனைத் திட்டினேன், பொய் சொன்ன இவளைத் திட்டினேன், கலாதேவி அக்காவைத் திட்டினேன். கோலா கங்சார் தாண்டிய பிறகு திட்ட ஆள் தீர்ந்துபோய் நான் மட்டும் மிச்சமிருந்தேன்.

தாய்லாந்து எல்லை தாண்டுகிற பைக் கூட்டம் கிரிக்கில் எண்ணெய் போடாமல் போகாது. அங்கே இரண்டாவது பெட்ரோல் ஸ்டேஷனிலேயே அவர்களைப் பார்த்துவிட்டேன். மற்ற ஐந்து பைக்கும் முன்னால் போய்விட்டன. பாஸ்கல் பைக் பக்கத்தில் குந்தியிருந்தான். வெண்டி சுவரில் சாய்ந்து, வலது காலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் பாஸ்கல் எழுந்தான். "சந்தோஷமா? வந்து பாத்துட்டியா? லெங்கோங்ல இருந்து புள்ள ஒக்கார முடியாம வருது. என்னயத் திட்டு, அடி, கேஸ் போடு. அவள எதுக்குடி?"

"நீ ஏன் என்கிட்ட சொல்லல? சத்தியம் பண்ணுனவள ஏத்திக்கிட்டு மாசக்கணக்கா சுத்தியிருக்க."

"சொன்னா விட்டுருப்பியா?"

"விட்டுருக்க மாட்டேன்."

"அப்பறம் என்ன?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் வெண்டி. குரல் உயரவே இல்லை. அவள் என்னை மட்டும் பார்த்தாள். "அப்பா புது டயர் போட்டாரு, பெட்டி போட்டாரு, சியாங் மாய்க்குன்னா எதுக்கும் நான் சரின்னு சொல்லல. அம்மாகிட்ட சீட்டு செய்யக் குடுக்கிறேன்னு சொன்னப்பதான் வாரேன்னு சொன்னேன். அம்மா கையின்னா இடுப்பு தாங்கும்னு. நீ தெரிஞ்சுதான் இப்படிச் செஞ்சியா? என்னப் போகவிடாம பண்ண?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையைத் தடுக்கச் செய்தேன் என்றால் அதில் கொஞ்சமாவது தாய் இருக்கும். பெற்ற பிள்ளையிடம் அந்தப் பொய் எனக்கு வரவில்லை.

"ஒனக்குன்னு சத்தியமா தெரியாது. அவரு வேற பொம்பளையக் கூட்டிட்டுப் போறாருன்னு நெனச்சேன். அவளுக்குன்னுதான் அந்த ஸ்பாஞ்ச வச்சேன்."

"வேற பொம்பளையா?" என்றான் பாஸ்கல்.

"தெலுக் இந்தான்காரி."

"அது நம்ம ஜெரமி பொண்டாட்டி. வீட்டுக்கு மீன் வாங்க சந்தைக்குப் போனோம்." ஜெரமி அவன் தம்பி. நான் அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழித்தே ஏழு வருடம்.

வெண்டி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "வேற பொம்பளைன்னா அவளுக்கு வலிக்காதா மா?"

நான் வேனின் கதவைத் திறந்து ஸ்பாஞ்சை வெளியே இழுத்தேன். "அர மணி நேரம். இங்கேயே மாத்திடுறேன். சீட்டக் கழட்டு," என்றேன் பாஸ்கலிடம்.

"கழட்டாதீங்க பா," என்றாள் வெண்டி. நொண்டிக்கொண்டே வந்து என் கையிலிருந்த வேன் சாவியை எடுத்துக்கொண்டாள். "மத்தவங்க எல்லகிட்ட பெங்காலான் ஹூலுல நிக்கிறாங்க. அங்க போயி மாத்திக்கலாம். அதுவரைக்கும் வேன நான் ஓட்டுறேன்."

"அப்ப நான்?"

ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "நீ செஞ்சது தானே. ஒக்காந்து வா."

"வெண்டி, ஒங்கம்மாவுக்கு முட்டி வலி லா," என்றான் பாஸ்கல். இவன் எனக்குப் பரிந்து பேசித்தான் நான் தப்பிக்க வேண்டுமா?

"வாய மூடிட்டு வண்டிய எடு," என்றேன்.

ஹெல்மெட்டுக்குள் கன்னம் படும் இடமெல்லாம் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஏழு வருடமாக எவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேனோ அவன் முதுகு என் மூக்கை இடித்தது. அவனைப் பிடிக்க மனமில்லாமல் பக்கப் பெட்டிகளின் பிடியைப் பற்றிக்கொண்டேன். வெண்டி வேனை எடுத்து முன்னால் போனாள்.

முதல் பத்து நிமிடம் சுகமாகத்தான் இருந்தது. என் கைவேலையை நானே மெச்சிக்கொள்ளும் அளவுக்குச் சுகம். காற்று மேலே அடிக்கவில்லை, பெட்டி ஆடவில்லை, செயின் சத்தம் இல்லை. அவன் வளைவுகளில் மெதுவாகப் போனான். பழைய பாஸ்கல் இப்படி ஓட்டமாட்டான்.

மலை ஏறத் தொடங்கியதும் ஸ்பாஞ்சு உட்கார்ந்துவிட்டது. முதல் வரப்பு தட்டுப்பட்டது. நான் சுரண்டித் துடைத்த அதே வரப்பு. கொஞ்சம் நகர்ந்தேன், இரண்டாவது வரப்பு. முன்னால் நகர்ந்தால் அவன் முதுகு, பின்னால் நகர்ந்தால் மூன்றாவது வரப்பு. எடையை வலது பக்கம் போட்டேன், அங்கே எலும்பில் குத்தியது. இடது பக்கம் மாற்றினேன். என்னால் மாற்ற முடிந்தது. எனக்கு இரண்டு இடுப்பும் நன்றாக இருக்கின்றன.

லெங்கோங்கிலிருந்து கிரிக் வரைக்கும் அவள் எந்தப் பக்கம் மாற்றி உட்கார்ந்திருப்பாள்?

கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் நெளிவது அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"கத்தரின், நிப்பாட்டவா?"

"வேணாம். நீ ஓட்டு."

அடுத்த வளைவைத் தாண்டினான். அப்புறம் சொன்னான்.

"லெங்கோங்ல அவகிட்டயும் கேட்டேன். வேணாம் பா, அம்மா செஞ்ச சீட்டு, கொஞ்ச நேரத்துல படிஞ்சுரும்னு சொன்னா."

முன்னால் என் வேன் வளைவில் திரும்பியது. பின் கண்ணாடியில் அந்தக் கெட்டி ஸ்பாஞ்சு சாய்ந்து நிற்பது தெரிந்தது. பெங்காலான் ஹூலுவுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் இருந்தது.